பதினெட்டு ஜோடி நீலச் செருப்பு

புது ரப்பர் செருப்பின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும்.

மலை நன்றாகத் தெரிகிற தூரத்தில் எங்கள் காலனி. ஓட்டுப் போடும் பள்ளிக்கூடமோ ஊர்த்தெருவின் கோடியில். காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். அதற்குக் கூசியே பாதிப்பேர் ஓட்டுப் போடப் போவதில்லை. முந்தின தேர்தலில் கழனி வேலை முடித்துப் போன என் அம்மா அஞ்சலையை, "உன் ஓட்டு விழுந்தாச்சு" என்று யாரோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்று சோறு தின்னவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முந்தின பௌர்ணமியில் காலனிப் பெண்கள் பதினெட்டுப் பேர் கிரிவலம் சுற்றி முடித்து, என் ஓட்டை நானே போடணும் அண்ணாமலையாரே என்று கற்பூரம் ஏற்றிவிட்டு, ஒரே தள்ளுவண்டியில் ஒரே மாதிரி நீல வார் செருப்பு வாங்கினார்கள்.

ஓட்டு நாளன்று பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஊர்த்தெருவில் "டப் டப்" என்று அந்தச் சத்தம் கேட்டதே, எனக்குத் தேர் கிளம்பியது போல் இருந்தது! அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனேன்.

"இன்னா அஞ்சல, கால்ல இன்னா?" என்றார் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"செருப்புங்க. கடைத்தெருவுல நெறைய விக்குது, உங்களுக்கும் வேணுமா?"

பின்னால் பதினேழு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் நடையை எட்டிப் போட்டாள்.

பள்ளிக்கூட வாசல் வந்ததும், யாரும் சொல்லாமலே, அம்மா செருப்பைக் கழற்றினாள். எல்லாரும் கழற்றினார்கள்.

"யம்மா, செருப்போடயே வரலாம்மா" என்றார் அதிகாரி.

"தெருவுக்குக் கழட்டல சார். இது சாமி காரியம், அதுக்குக் கழட்டுறோம்."

அவர் பட்டியலில் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். நான் எக்கி எக்கிப் பார்த்தேன். "அஞ்சலை... இருக்கு. கையை நீட்டும்மா."

வெளியே வந்த அம்மா, மை வைத்த விரலை மலைப் பக்கம் தூக்கிக் காட்டினாள். அப்புறம்தான் கூத்து! அத்தனையும் ஒரே நீலம். யாருக்கும் தன் செருப்பு தெரியவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டும் இடது கால். அதையே மாட்டிக்கொண்டு அதே தெருவில் கோணலாக நடந்து, சிரித்துச் சிரித்து வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது ஓட்டுச்சாவடி எங்கள் காலனிப் பள்ளியிலேயே வந்துவிட்டது. ஊர்த்தெருவில் எங்கள் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள். அம்மா இல்லை. போன தேர்தலில் நான் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, "எதுக்கும்மா?" என்று மகள் கேட்டாள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் செருப்பைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, அங்கே அது ஒரு ஜோடிதான் கிடந்தது.