நின்றுகொண்டே வந்தோம்

எழுபதுகளின் கடைசியில், இரண்டு முறை கரு கலைந்த எனக்கு மூன்றாவது தங்க வாராவாரம் இடுப்பில் ஹார்மோன் ஊசி போட்டார்கள். வீங்கிய இடத்தில் தேயிலைக் கொழுந்துக்கூடை உரசினாலே உயிர் போகும். படுத்தாலும் புரள முடியாது.

மலையூரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வருவேன். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தியும் அப்படியே நின்றாள்.

"ஒங்களுக்கும் ஊசியாக்கா? தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க லா. சுடுதண்ணியில நனைச்ச துணிய ஒத்துங்க. ஊசிய பக்கம் மாத்திப் போடச் சொல்லுங்க."

வீக்கம் வடிந்தது, வலி மட்டும் இருந்தது. அதன்பின் வாராவாரம் சேர்ந்தே நின்றோம்.

ஒரு வாரம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தங்கலக்கா. இனிமே ஊசி வேணாம்னுட்டாங்க," என்று வெளியே பார்த்தபடி சொன்னாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் ஊசி போட்ட இடத்தை அழுத்திப் பார்த்தேன். வலித்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.