கழுத்துவரை பூட்டிய சேட்டு

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லிக் கைமாறி வந்த கதை என்று நினைக்க வேண்டாம். நடந்தது சுகிர்தனுக்கு, கிளிநொச்சியில், பட்டப்பகலில். அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள். தெரிந்திருந்தால், போன வருடம் கோயில் திருவிழா அன்று காய்ச்சல் என்று போர்த்துப் படுத்தவன், பின்னேரமே எழும்பிச் சோறு கேட்டுத் தாயிடம் பிடிபட்டிருக்க மாட்டான்.

அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் அவனுடைய நெஞ்சு. ஆள் மெலிவுதான். நெஞ்சில் மட்டும் பெண்பிள்ளைக்குப் போலச் சதை. பள்ளிக்கூடத்தில் பொடியன்கள் அவனை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கிணற்றடியில்கூடச் சேட்டுப் பொத்தான் திறக்காமல் குளிக்கிறவன் அவன். ஆனால் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஐந்தாம் திருவிழா அவர்கள் வீட்டு உபயம். தகப்பன் போன பிறகு, வெறும் மேலோடு எல்லாருக்கும் முன்னால் நின்று ஐயரிடம் உபயகாரருக்குரிய காளாஞ்சித் தட்டு வாங்க வேண்டியவன் மூத்த மகன். போன வருடம் அவனுக்குப் பதிலாகச் சித்தப்பா நின்றார். தாய் ஜெகதீஸ்வரி அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த வெட்கம் வருடம் முழுக்க அவனை அரித்தது.

இந்த வருடமும் ஒளிக்க முடியாது. குகதாசனின் ஜிம்முக்குப் போனான். நெஞ்சுத் தசைக்கென்று அங்கே ஒரு மெசின் இருந்தது. 'பட்டர்பிளை' என்பார்கள். கதிரையில் சாய்ந்திருந்து, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் இரும்புக் கைகளைப் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பின்னால் பாரத்தட்டுகள் ஏறி இறங்கும்.

"ஒருத்தரும் இல்லாத நேரம் வரலாமோ அண்ணை?"

குகதாசன் கதவுப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினார்.

"மத்தியானம் பூட்டிக் கிடக்கும். திறப்பைக் கொண்டுபோ. ஆனா சேட்டைக் கழட்டிப்போட்டுச் செய், தம்பி. சரியான வெக்கை."

கழற்றுவதாவது! அதற்காகத்தானே ஒளித்து வருகிறான். சேட்டின் மேல் பொத்தான்கள் இரண்டை மட்டும் திறந்துவிட்டு மெசினில் ஏறினான்.

முதல் நாளே ஒரு விசயம் சரியில்லை. பூட்டைத் திறந்தவன் அவன். உள்ளே வேறு ஆள் இல்லை. ஆனால் மெசினின் இருக்கை நனைந்திருந்தது. கையால் தொட்டுப் பார்த்தான். வேர்வை... இளஞ்சூடாக.

காலையில் வந்தவர்களுடையதாக்கும் என்று துடைத்துவிட்டு இருந்தான்.

அடுத்த முறை, பயிற்சி முடித்து எழும்பும்போது கழுத்து இறுகியது. குனிந்து பார்த்தான். திறந்துவிட்ட பொத்தான்கள் பூட்டியிருந்தன. தானே மறதியில் பூட்டியிருப்பேன் என்று மனதைத் தேற்றினான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். அதற்குப் பிறகும்... அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் மத்தியானத்தில் தனியப் போகிறாய் என்று கேட்பார்களே. பேயை விட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தான் மனுசன்.

திருவிழாவுக்கு முதல்நாள். மத்தியானம் பன்னிரண்டேகால். நாளைக்கு நிற்கத்தான் வேண்டும், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று சுவர்க்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். சேட்டைக் கழற்றினான். ஒன்றும் கரையவில்லை. அதே நெஞ்சு. அழுகை வந்தது.

அப்போது கரண்ட் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

டங்...

கண்ணாடியில் பார்த்தான். பின்னால் மெசினின் இரும்புக் கைகள் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. இருக்கையில் யாரும் இல்லை. கைகள் விரிந்தன.

டங்...

பிறகு சத்தம் இல்லை.

முதுகில் ஈரம் பட்டது. அக்குளுக்குக் கீழால் இரண்டு கைகள் வந்தன. நெஞ்சைப் பொத்தின.

"கழட்டாதை தம்பி... எல்லாரும் பாப்பினம்."

ஓடினான்.

ஏ9 வீதியில், வெயிலுக்குள் வந்துதான் நின்றான்.

உடம்பில் சேட்டு இருந்தது.

கழுத்துவரை பூட்டி.

மறுநாள் காலை, கோயில் வாசல். மேளம் தொடங்கிவிட்டது. ஐயர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாயும் பார்த்தாள். சுகிர்தன் பொத்தானில் கை வைத்தான். திறபடவில்லை. அவனுடைய விரல்களுக்கு மேலே வேறு விரல்கள்... ஈரமாக.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். முகம் பற்றி எரிந்தது. ஆனாலும் தாயின் முகத்தைப் பார்த்தபோது இன்னொரு வருடம் ஒளிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"விடுங்கோ அண்ணை," என்றான் மெதுவாக, அந்த விரல்களிடம். "பாத்தாப் பாக்கட்டும்."

விரல்கள் விலகின.

கழற்றிச் சுவர் ஆணியில் கொழுவிவிட்டுப் போய் முன்னுக்கு நின்றான். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. காது சுட்டது. கூனிக் குறுகித்தான் நின்றான், ஆனால் நின்றான். காளாஞ்சியை வாங்கித் தாயின் கையில் கொடுத்தான்.

பூசை முடிந்து தாய் சேட்டை எடுத்துவந்தாள்.

"என்ன மோனை, பொத்தானெல்லாம் கழுத்துவரை பூட்டிக் கிடக்கு. இதை எப்பிடிக் கழட்டினனி?"



அன்று பின்னேரமே திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனான். நடந்ததைச் சொன்னான். குகதாசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லியிருக்க வேணும். சொன்னா ஒருத்தரும் அந்த மெசினைத் தொடமாட்டாங்கள் எண்டு விட்டிட்டன்... யோகலிங்கம் எண்டு ஒருத்தர். நெடுங்கேணி ஆள். உன்னைப் போலத்தான், மத்தியானம்தான் வருவார், சேட்டோடதான் செய்வார். ஒருநாள் அதிலயே சரிஞ்சிட்டார். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறார் எண்டு நினைச்சம். பிடிச்சது நெஞ்சை இல்லை. சேட்டை. நானும் பக்கத்துக் கடைக்காரரும் இழுக்கிறம், கை விலகேல்லை. நெஞ்சை அமத்தவும் விடேல்லை. 'பாக்காதையுங்கோ... பாக்காதையுங்கோ...' கடைசிவரை அதுதான் கதை. பிறகு ஆஸ்பத்திரியில சேட்டை வெட்டித்தான் எடுத்தவை."

சுகிர்தன் திறப்பை மேசையில் வைத்தான்.

"சேட்டுக்குள்ளை என்ன அண்ணை இருந்தது? காயத் தழும்போ?"

"ஒண்டுமில்லை." குகதாசன் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா நெஞ்சு, தம்பி. உன்ர மாதிரி."

அந்தச் சேட்டு இன்னும் சுகிர்தனின் அலுமாரியில்தான் தொங்குகிறது, கழுத்துவரை பூட்டியபடி. திறந்தால் அந்த மனுசனைப் பார்த்ததாகிவிடும் என்று அவனுக்கு வெட்கமாக இருக்கிறதாம்.