பைபிளுக்கு அடியில் வைத்த பேட்டரி

செல்போன் விஷயத்தில் எங்கள் தாராவி வீட்டில் என் சட்டம்தான். பேட்டரி சைபருக்கு இறங்கி, போன் தானாக அணையும்வரை யாரும் சார்ஜரைத் தொடக்கூடாது. சார்ஜில் போட்டால் நூறு ஆகும்வரை யாரும் போனைத் தொடக்கூடாது. என் முதல் போனை விற்றவன் சொன்ன வேதவாக்கு அது. அந்தப் போனில் இருந்தது நிக்கல் பேட்டரி. அதன்பிறகு நான்கு போன் மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை. மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸில் பாதிப் பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன், யாரும் கேட்காமலேயே.

"ஏங்க, பத்து பெர்சன்ட்தான் இருக்கு. கொஞ்சம் போட்டுக்கிடுதேன்" என்பாள் மனைவி.

"பத்து இருக்குல்லா? தீரட்டும்" என்பேன்.

அந்த வாரம் அவளுக்கு ஐரோலியில் ஒரு கம்பெனியில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ முடிந்திருந்தது. திங்கட்கிழமை காலை கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை பிறந்து எட்டு வருஷம் கழித்து அவள் ஆசைப்பட்டுத் தேடிய வேலை.

சனிக்கிழமை அவள் போனின் பின்மூடி பூரி மாதிரி உப்பிவிட்டது. கடைக்குப் போகலாம் என்றாள். கடைக்கா? நான் எதற்கு இருக்கிறேன்? உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அமுக்கினால் போய்விடும் என்று தீர்ப்புச் சொன்னேன். ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்ததும் சைபருக்கு இறக்கி, பெரிய பைபிளுக்கு அடியில் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றினேன். ஆண்டவர் பாரமும் என் மூளையும் சேர்ந்தால் எந்த வீக்கம்தான் வடியாது!

திங்கள் காலை அந்தப் போனிலிருந்து வீடெல்லாம் நகப்பாலிஷ் வாடை. மனைவி போனை எவர்சில்வர் சட்டியில் போட்டுக்கொண்டு தாராவி மெயின் ரோட்டில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நூறு ஆகவில்லையே!

ரிப்பேர் கடைக்காரர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். மூடியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"எவன் அண்ணாச்சி இத அமுக்குனது?"

"நாந்தான்."

"தீப்பிடிக்காதது உங்க அதிர்ஷ்டம். முழுசா தீர்த்து சார்ஜ் போடுதது நிக்கலுக்குச் சொன்னது. பாதியில போட்டா பாதியிலயே பழகிரும்னு. அப்புறம் கழத்தி மாட்டுத பேட்டரி வந்துச்சுல்லா, அது லித்தியம் அயன், தகரக் கூடு. இது லித்தியம் பாலிமர், வெறும் பை. இது ரெண்டையும் சைபருக்கு விட்டா கெட்டுரும். இருபதுலயே போட்டுரணும். உப்புனா உள்ள கேஸு. அமுக்குனா பை கிழிஞ்சிரும்."

மணி பத்தரை. புது பேட்டரி மாட்ட அரை மணி நேரமாகும். சிம்மைத் தன் போனில் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி, நிதானமா மாத்துங்க" என்றாள் மனைவி.

"ஏட்டி, வேலை போயிருமே!" என்று கத்தினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மராத்திப் பெண் தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். "பாபி, கம்பெனி கா போன்!" அண்ணி, கம்பெனியிலிருந்து போனாம்.

மனைவி வாங்கி, அழகாக இந்தியில் பேசி முடித்தாள். "வேலை கெடச்சிட்டு. வியாழக்கிழமை வரச் சொல்லுதாவ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"அவ நம்பரையா குடுத்த? என் நம்பரக் குடுத்தா என்ன?"

"உங்க போனு எப்பங்க உயிரோட இருந்திருக்கு? ஸ்கூலு, கேஸ் சிலிண்டர்காரன், எங்க அம்மா, எல்லார்கிட்டயும் இவ நம்பர்தான். உங்க தங்கச்சிகிட்டயும்."

"என் தங்கச்சியுமா?"

"போன வருஷம் பிள்ளை பொறந்தத உங்க தங்கச்சி இவளுக்குத்தான் மொதல்ல சொன்னா."

தங்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தி தாய்மாமன் எனக்குத்தான் முதலில் வந்தது என்று அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த மராத்திப் பெண் வீட்டுக்கும் போய் மிட்டாய் கொடுத்தேன். அவளும் அப்போதுதான் கேள்விப்பட்டவள் போலச் சிரித்து வாங்கிக்கொண்டாள்.