கியர் விழாத சிவப்புக் கார்

மஸ்கட்டில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின் எல்லாம் என் கையில் பிரிந்து என் கையிலேயே சேர்ந்திருக்கின்றன. அதை முடித்துக்கொண்டு பூதப்பாண்டி பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியபோது, மைனி வீட்டு டிராக்டர் ஷெட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதைத் தொடக்கூட யாருக்கும் மனமில்லை.

மைனியின் கணவன், என் அண்ணன், வாங்கிய கார் அது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நின்ற இந்தப் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மயங்கிவிட்டான். இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக் கூரை, குனிந்து உட்கார்ந்தால்தான் தலை தப்பும். வாங்கிய சில மாதங்களிலேயே கியர் விழ மறுத்தது. பிறகு நடுவழியில் நின்றுபோகவும் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் எங்கள் டிராக்டர்தான் போய் இழுத்து வந்தது. வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரித்தார்களாம். நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக், “கியர்பாக்ஸ் மொத்தமாப் போச்சு சார், உங்கள நல்லா ஏமாத்தீட்டாங்க” என்றான். இன்னொருவன், என்ஜினையே மாற்றிப் புது காரின் என்ஜினை வைக்கலாம் என்றான். மைனியின் தம்பி, வீட்டு விசேஷங்களில் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பான்: “அத்தான் வாங்கினது காரில்ல, பூந்தொட்டி.” அண்ணனும் கூடச் சிரிப்பான். அப்படியே ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டான்.

நான் வந்த வாரமே மைனியிடம் கேட்டேன்.

“அந்தக் கார நான் பாக்கட்டா மைனி?”

“என்னத்துக்குட்டி? பழைய இரும்புக்குப் போடணும்னு பெரிய மவன் சொல்லுகான்.”

“நீங்க என்ன சொல்லுகீங்க?”

மைனி முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டாள். பிறகு சொன்னாள்: “எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். உங்கண்ணன் ஏமாந்தாரா இல்லியா? அத மட்டும் பாத்துச் சொல்லு. பொறவு இரும்புக்குப் போனாலும் போவட்டும்.”

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பழுது பார்க்கிறவளுக்கு முதலில் வேண்டியது சரியான கேள்விதான்.

புது பேட்டரி போட்டு, பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவியதும் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். கல்லை அரைக்கிற மாதிரி ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். மைனி காதைப் பொத்திக்கொண்டாள். என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி தள்ளினேன். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் போல ஒவ்வொரு கியரும் மெதுவாகப் போய் உட்கார்ந்தது.

“மைனி, கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு.”

“கழட்டிப் பாக்காம எப்படிச் சொல்லுக?”

“பல்லு ஒடஞ்சிருந்தா என்ஜின் ஓடாதப்பவும் தடுக்கும். இப்ப தடுக்கல. கிளட்ச மிதிச்சாலும் என்ஜின் கியர்பாக்ஸ விட்டு முழுசா விலகல. சுத்துகிற பல்சக்கரத்துல கியரத் தள்ளினா அரைக்கத்தானே செய்யும்?”

ஊர் முழுக்க கியர்பாக்ஸைப் பழி சொல்லியிருக்கிறது. அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. கிளட்ச் எண்ணெயில் இயங்குகிற வகை. பெடலை மிதித்தால் எண்ணெய் ஒரு குழாய் வழியே போய், கீழே இருக்கும் சிறிய சிலிண்டரைத் தள்ளும். அந்தச் சிலிண்டரைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். இங்கிலாந்திலிருந்து ரப்பர் வளையங்களை வரவழைத்து மாற்றினேன். நான் காருக்கு அடியில் படுத்துக்கொள்ள, மைனி சீட்டில் உட்கார்ந்தாள். “மிதிங்க... பிடிச்சுக்கிடுங்க... இப்ப விடுங்க” என்று நான் சொல்லச் சொல்ல, குழாயிலிருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறியது. கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, என்ஜினை எழுப்பி, கியரைத் தள்ளினேன்.

கர்ர்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். அடுக்களையில் டம்ளரை நீட்டிக்கொண்டே மைனி சொன்னாள்:

“ஒண்ணு கேக்கட்டா? நான் மிதிக்கும்போது மொதல்ல கொஞ்சதூரம் காலுக்கு ஒண்ணுமே தெரியல. சும்மா போவுது. அதுக்குப் பொறவுதான் கனமாத் தட்டுப்படுது. அது அப்படித்தானா?”

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பெடலையும் எண்ணெயைத் தள்ளும் கம்பியையும் இணைக்கிற பின் ஆணி, விரல் கனம் கூட இல்லாத ஒரு சின்ன இரும்புத் துண்டு, நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்திருந்தது. அது மாட்டியிருந்த துளையும் வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது. மிதிக்கிற தூரத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே வீணாகியிருக்கிறது. மீதிப் பாதிக்குக் கிளட்ச் எப்படி விலகும்?

நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் புதுப் பின்னும், துளைக்குள் செருகப் பித்தளை வளையமும் கடைந்து வாங்கிவந்தேன். மாட்டியதும் முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது. ஷெட்டுக்கும் களத்துக்கும் இடையில் காரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினேன். மைனி கை தட்டவில்லை.

“நடுவழியில நிக்குமே, அது?”

“அதுக்கு நடுவழிக்குத்தான் போகணும். ஏறுங்க.”

மறுநாள் காலையில் திற்பரப்பு அருவிக்குப் புறப்பட்டோம். அழகியபாண்டிபுரத்தைத் தாண்டினோம். காற்றில் மைனியின் முந்தானை பறக்க, அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் எங்களுக்காக ஒரு ஹாரன் அடித்தார். சுருளகோட்டுக்கு அருகில் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் கார் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது.

“இதேதான்,” என்றாள் மைனி. “இதே மாதிரித்தான் உங்கண்ணனுக்கும் நிக்கும். ரொம்ப நேரம் கழிச்சு தானாக் கெளம்பும்.”

நிற்கும் என்று நினைத்துத்தான் கருவிகளை எடுத்து வந்திருந்தேன். பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்பார்க் வந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லை. பின்பக்கம் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், எதையோ உறிஞ்ச முடியாமல் தவிக்கிற மாதிரி முக்கி முக்கி அடித்துக்கொண்டிருந்தது. டேங்கிலோ பெட்ரோல் நிறைய இருக்கிறது. டேங்கின் மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்’ என்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பம்ப் உடனே கடகடவென்று அடித்து ஓய்ந்தது. சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது.

மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். புத்தம் புதிது. எங்கேயும் ஒரு துளை கிடையாது.

“மைனி, இது காரோட வந்த மூடியா?”

“இல்லியே. அது பெட்ரோல் பங்க்ல வச்சு மறந்து போச்சு. இது களியக்காவிளையில வாங்கினாரு. பழசு மாதிரியே அச்சா இருக்குன்னு சொன்னாரு.”

“கார் நிக்க ஆரம்பிச்சது அதுக்குப் பொறவா?”

மைனி யோசித்தாள். அவள் முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. “ஆமா. அதுக்கு முந்தி கியர்தான் தொந்தரவு. நின்னதில்ல.”

நான் விளக்கினேன். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய மூடியில் அதற்கு ஊசித் துளை இருந்திருக்கும். இந்த மூடி மூச்சே விடாமல் அடைத்துவிட்டது. சும்மா நிறுத்திவைத்தால் எங்காவது இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வரும், கார் தானாகக் கிளம்பும்.

“அப்போ கார்ல ஒரு குத்தமும் இல்ல?”

“ஒரு தேஞ்ச பின்னு, ஒரு தப்பான மூடி. அவ்வளவுதான். என்ஜின் நல்ல என்ஜின். கியர்பாக்ஸ் நல்ல கியர்பாக்ஸ். அண்ணன் ஏமாறல மைனி. பாத்துத்தான் வாங்கியிருக்கான்.”

மைனி தலையைத் திருப்பி ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள்.

“ஏலே, நான்தான். ரோட்டுல நிக்கேன். உங்கத்தானோட கார்ல. ஆமாலே, அந்தப் பூந்தொட்டிதான். சத்தம் கேளு.” போனை பானெட்டுக்கு நேராக நீட்டி, எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தேன். ரப்பர் மரங்களுக்குள் அந்தச் சத்தம் உருண்டுபோனது. “கேட்டியா? கேட்டியாலே?”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. திற்பரப்பு வரை வழியில் அடிக்கடி நிறுத்தி, மூடியைத் திறந்து மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அருவியில் மைனி தலைமுடி சொட்டச் சொட்டக் குளித்தாள். வீட்டுக்கு வந்ததும் மூடியில் மெல்லிய துளை ஒன்று போட்டேன். அதன் பிறகு கார் நின்றதில்லை.

இப்போது மைனிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பழைய காலத்து கியர்பாக்ஸ் என்பதால் கார் முழுசாக நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அவசரம்தான். “நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்” என்கிறாள். வளைவுகளில் என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள்.