லிமிடெட் சாப்பாடு

ஏற்காட்டில் இப்போது பல ஓட்டல் வாசல்களில் 'அன்லிமிடெட் மீல்ஸ்' பலகை தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒண்டிக்கடைச் சந்திப்பில் அப்பா நடத்திய மெஸ் நினைவுக்கு வரும்.

சீசனில் வருகிற சுற்றுலாக்காரர்கள் கேட்டு வாங்கிய சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார்கள். அதனால் ஒரு கோடையில் அப்பா 'லிமிடெட் மீல்ஸ்' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு வந்தால் எங்களிடம்தான் சாப்பிடுவார்கள். அந்த ஞாயிறு நான் ரசத்துக்குச் சோறு எடுத்துப் போனேன். எப்போதும் மறுசோறு கேட்டு வாங்கும் எஸ்டேட் அக்கா ஒருவர், இலையைக் கையால் மறைத்தார்.

"போதும் கண்ணு."

பக்கத்தில் இருந்தவர்களும் மறைத்தார்கள். அப்பா வந்தார்.

"ஏனுங்க, சோறு சரியா வேகலீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. லிமிட்டுன்னு போர்டு போட்டிருக்கறீங்க. நாங்க மறுக்கா கேட்டு, நீங்க இல்லைன்னு சொல்லிட்டா நொம்ப கேவலமுங்க."

"அது டூரிஸ்ட்டுக்குப் போட்டதுங்க."

"அவங்களும் இதே பெஞ்சுலதானுங்க உக்காந்திருக்கறாங்க. எங்க நெத்தியில மட்டும் வேற எழுதியிருக்குதுங்களா?"

அக்கா சிரித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்பா வெளியே போய்ப் பலகையைக் கழற்றி விறகுக்குப் பின்னால் போட்டார். திரும்பி வந்து என் கையிலிருந்த சோற்று வாளியை வாங்கிக்கொண்டார்.

"கையை எடுங்க அம்மிணி, ரசம் ஆறுது."

அன்று சீக்கிரமே சோறு தீர்ந்தது. சுற்றுலாக்காரர்களின் இலைகளில் வழக்கம்போல் பாதி கிடந்தது. எங்களுக்கு அம்மா உப்புமா கிண்டினார்.