தவக்காலத்தில் பூத்த டென்ட்ரோபியம்

ஏற்காட்டில் அந்தச் செடியை விற்ற நர்சரிக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலையெல்லாம் பழுத்துக் கொட்டும், பயப்படக் கூடாது. மொட்டு கண்ணில் படுகிறவரை உரமும் ஆகாது. டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் இது குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்து பூக்கிற ரகமாம். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எனக்கே சொல்லித்தருகிறாரே என்ற எரிச்சலோடு தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவியும் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதை நான் நம்பியிருக்கக் கூடாது.

அரியலூருக்குக் கிழக்கே, வானத்தை நம்பிப் பயிர் வைக்கிற ஊர் எங்களுடையது. ஒரு செடியை வேண்டுமென்றே காயப்போடுவது இங்கே யாருக்கும் புரியாது. "கட்டிக் கெடக்குற மாட்டுக்குத் தண்ணி காட்டாம இருப்பமா? இதுக்கு மட்டும் என்ன பட்டினி?" என்பாள் அவள். நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, அரிசி களைந்த தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றிவிடுவாள். அது தண்ணீரும் உரமும் சேர்ந்தது. முதல் வருடம் பூ வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. பூ வர வேண்டிய கணுக்களில் குட்டிச் செடிகளாக முளைத்தன. அவளுக்கு ஒரே சந்தோஷம். "பூத்தா நாலு நாளு. கன்னுன்னா நிக்கும்ல?" என்று, பிய்த்துப் பிய்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள்.

அதற்கடுத்த ஐப்பசியில் அவளுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை என்றார்கள். புறப்படும்போது கார் வாசலில் நிற்க, பின்கட்டுக்குப் போய்ச் செடி முன்னால் நின்றுவிட்டு வந்தாள். "இது பூத்தா மொதப் பூவ மாதா பீடத்துல வெக்கிறதா நேந்துக்கிட்டேங்க" என்றாள். பிழைத்து எழுந்தால் பூ. நேர்ச்சையை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு பூசைக்குப் போவது அவளுக்குத் துணையாகத்தான்.

திரும்பி வந்தவள் கையைத் தூக்கக் கூடாது, குடம் வாளி தொடக் கூடாது, ஓய்வாக இருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. அந்த ஓய்வு செடிக்கும் கிடைத்தது. ஒத்தாசைக்கு மீன்சுருட்டியிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார். அவரையும் அரிசி களைந்த தண்ணீரோடு பின்கட்டுப் பக்கம் போகவிடாமல் காவல் இருந்தேன். கார்த்திகையில் இலை பழுத்தது, மார்கழியில் கொட்டியது. "ஏண்டி, செத்த குச்சியப் போயி எதுக்குடி கட்டித் தொங்கவுட்டிருக்காரு உன் வூட்டுக்காரரு?" என்று அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. மருந்து ஏற்றியதில் மனைவியின் தலைமுடி கொட்டியதும் அந்த மார்கழியில்தான். இரண்டையும் பெருக்கி அள்ளியது நான்.

பொங்கல் முடிந்து அக்கா ஊருக்குப் போனதும் அடுப்படி என் பொறுப்பாயிற்று. ரசம் வைக்கப் பழகினேன். அது ரசம்தான் என்று அவள் சாட்சி சொன்னாள்.

மாசி கடைசியில் வெறும் தண்டின் கணுக்கள் புடைத்தன. சில நாளில் தண்டு நெடுக வெளிர் ஊதாப் பூக்கள், ஓர் இலைகூட இல்லாமல். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் நாற்காலியை எடுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பாடம் எடுப்பதுபோல, ஓய்வு கொடுத்ததால்தான் பூத்தது என்று விளக்கினேன். அவள் காதில் வாங்கவில்லை.

பூவுக்கு நாங்கள் இருவரும் ஆசைப்பட்டோம், காலண்டரைப் பார்க்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் கோயிலில் அந்த நாட்களில் பீடத்தில் ஒரு பூ இருக்காது. பங்குச் சாமியார் இதமாகத்தான் சொன்னார். "ஈஸ்டருக்குக் கொண்டாங்கம்மா. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

"அதுவரைக்கும் நிக்குமாங்க?" என்று வீடு திரும்பும் வழியில் என்னைக் கேட்டாள். எங்கள் ஊர் வெயிலில் இரண்டு வாரம் நின்றாலே அதிகம். நிற்கும் என்றேன்.

ஈஸ்டர் கழிந்து பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள் திருச்சி ஆஸ்பத்திரியில். நான் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெயில் படாத அறையில் ஈரச் சாக்கு விரித்து வைத்தேன். மின்விசிறியை யாரும் போடக் கூடாது என்றேன். யாரும் என்றால் நாங்கள் இரண்டே பேர். அவள் எழுவதற்கு முன் எழுந்து, உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. நேர்ச்சை நிறைவேறாவிட்டால் இவள் இருக்க மாட்டாள் என்று ஒரு பயம். தாவரவியல் படித்த மண்டைக்குள் அது எப்படிப் புகுந்தது என்று தெரியவில்லை, ஆனால் இறங்க மறுத்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கும் முன்பே கடைசிப் பூவும் விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கும்போது பின்னால் அவள் நின்றிருந்தாள்.

"வுடுங்க. அதுக்கு நேரம் வந்துது, விழுந்துது."

"உன் நேர்ச்சை?"

"அதான் பலிச்சிடுச்சே."

எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் டெஸ்ட்டே எடுக்கல. அதுக்குள்ள எப்படிப் பலிக்கும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நா பொழைக்கணும்னா நேந்துக்கிட்டேன்? நா போயிட்டா நீங்க யாரு கையையும் எதிர்பாக்காம, கஞ்சியாச்சும் வெச்சிக் குடிக்கணும்னு கேட்டேன். நீங்கதான் இப்ப ரசமே வெக்கிறீங்களே."

பூவைக் கையில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். "உனக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தோணலையேங்க" என்றாள்.