பாலத்துக்கு அந்தப் பக்கம்

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும். திருவேங்கடத்தில் கரிசல்காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டில் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய், சங்கரன்கோவிலில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள். உங்களில் பாதிப்பேர் அவர்களிடம் பிரம்படி வாங்கியவர்கள்தான். அதனால் நேர்மை, கண்டிப்பு என்றெல்லாம் நான் அடுக்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா படித்தது பாளையங்கோட்டையில். ஆனால் படிப்பு முடிந்தபிறகு திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவிலுள்ள ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. கல்யாண ஜவுளியோ மருந்தோ, திருநெல்வேலி ஜங்ஷனோடு சோலியை முடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அண்ணனை அதே கல்லூரியில் சேர்க்கவும் சித்தப்பாவைத்தான் அனுப்பினார்கள். "பள்ளிக்கூடத்துல சோலி கெடக்கு" என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

வீட்டில் அப்பா அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "நம்ம வீட்டுல பெயிலுங்குத பேச்சே கெடையாது, பாத்துக்கோ." சோறு தின்னும்போதும் சொல்வார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான்.

எழுபதுகளின் கடைசியில், ரிசல்ட் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாளையங்கோட்டைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. பேப்பரில் அவன் நம்பர் இல்லை. நாலாம் நாள் ஒரு கார்டு வந்தது. 'அப்பா முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை. தேட வேண்டாம்.'

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்கள். நான் பதினாறு வயதுப் பெண். அப்பாவோடு நான்தான் போனேன். பாலம் வந்ததும் அப்பா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருடத்தில் ஊர் மாறியிருந்தது. தான் தங்கிய விடுதியின் வாசலையே அடையாளம் தெரியாமல் இரண்டு தெரு சுற்றினார்கள். அங்கே அண்ணன் இல்லை என்றதும், லாட்ஜ், ஆஸ்பத்திரி எதையும் கேட்காமல் நேரே ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு பழைய கல்மண்டபம். படுத்துக்கிடந்த ஒவ்வொருவர் முகத்துத் துண்டையும் விலக்கிப் பார்த்தார்கள். நான் அண்ணன் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தப் பையன் முந்தாநேத்து வரைக்கும் இங்கனதான் கெடந்தான். சாப்பிட்டியாலேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டான். நேத்துக் காலையில இருந்து காணலையே."

ஒரே ஒரு நாள் பிந்திவிட்டோம்.

"அவன் இங்க இருப்பான்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன். அப்பா கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நானும் இங்கனதான் கெடந்தேன், மக்கா. கடைசி வருசம் கணக்குல பெயிலு. உங்க தாத்தாவுக்குப் பயந்து ஒம்பது நாளு கெடந்தேன். பெறகு, ரிசல்ட் வரலைன்னு பொய் சொல்லிட்டு, திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணினேன். இத அவன்கிட்ட ஒருநாள் சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாம்லா?"

வாத்தியார் என்று ஊரே பயந்த அப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார்கள். அன்று எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை இப்போதும் மறைக்க மாட்டேன்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பேப்பரில் போட்டோ போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. தாண்டவே தாண்டாத பாலத்தை அப்பா அதன்பிறகு சனிக்கிழமைதோறும் தாண்டினார்கள். மண்டபத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். கடைசியில் நெஞ்சுவலியில் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அவன் வந்தா நீயாவது சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய்க்கல" என்றார்கள்.

இதை அச்சிடப்போகிறேன் என்றதும் சித்தப்பா கொதித்தார்கள். "செத்த மனுசன் மானத்த எதுக்குட்டி ஊருக்கு வெளம்புத?" அம்மாவிடம் கேட்டேன். "போடு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்.

அண்ணன் வைக்கவேண்டிய கொள்ளியை வைத்த சித்தப்பா மகனுக்கும், மெட்ராஸ், பம்பாய் என்று தேடி அலைந்த அண்ணனின் நண்பர்களுக்கும், அவன் போட்டோவை இன்றுவரை கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அந்த டீக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரைக் கூடுதலாகவே அச்சடித்திருக்கிறோம். வெளியூர் போகிறவர்கள் இரண்டு மூன்று எடுத்துப்போய், பஸ் ஸ்டாண்டிலோ ஹோட்டல் மேஜையிலோ வைத்துவிட்டு வாருங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அண்ணா, இது உன் கைக்கு வந்தால் ஒன்று தெரிந்துகொள்: அப்பாவும் பெயில்தான். நீ வீட்டுக்கு வா.